அம்மன் லோரிக்கு என்ன கலர்?

விமலாவின் பெயின்ட் பட்டறைக்குள் ராணுவம் புகுந்துவிட்டது. புகுந்தது ஒரே ஒரு லோரிதான். ஆனால் பட்டறையில் இருந்ததும் ஒரே ஒரு வண்டிக்கான இடம்தான்!

தோட்டத்து அம்மன் கோயில் தேரின் அச்சு முறிந்ததால், இந்த வருட ஊர்வலத்துக்கென்று கமிட்டி ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ லோரி அது. ராணுவப் பச்சையோடு ரோட்டில் இறக்கினால் போலீஸ் மடக்கும். "பச்சையை உரிச்சு வைம்மா, என்ன கலருன்னு கமிட்டி கூடிச் சொல்றோம்" என்று விட்டுப் போனார் தலைவர் சிவானந்தம்.

விமலா உரித்தாள். துருவைச் சுரண்டி, பள்ளங்களைப் பூசித் தேய்த்து, கண்ணாடிகளுக்குப் பேப்பர் ஒட்டி, அடிப்பூச்சும் அடித்து முடித்தாள். கமிட்டி கூடியது. கூடிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை போன் அலறியது. பாசிர் பெனம்பாங் ஊர் மீன் வியாபாரி ஆ லெங்; எல்லோருக்கும் 'தவுக்கே', அதாவது சீன முதலாளி. தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்தவர். திட்டுவதென்றால் தமிழில்தான் திட்டுவார்.

"விமலா, என் மீன் லோரி எல்லாம் வரிசையா நிக்குது. நாளைக்கு எடம் இருக்கா, இல்லையா? இல்லன்னா கிள்ளானுக்குக் கொண்டு போறேன்லா!"

"நாளைக்கு இருக்கு, தவுக்கே."

சொல்லிவிட்டாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது. ஆறு மாதத்து வேலை அது. விட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். கலர் கார்டைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள்.

தலைவர் சிவானந்தம், செயலாளர் திவாகரன், பொருளாளர் சேது. மூவரும் மூன்று கட்சி. தேர்தலில் யார் ஜெயித்தாலும் கோயிலுக்குத் தார் ரோடு வர வேண்டும் என்று, எல்லாப் பக்கமும் ஆள் போட்டு வைத்திருந்த கோயில் அது.

"கருநீலம்தான் கம்பீரம்," என்றார் சிவானந்தம்.

"உங்க கட்சிக் கொடிக்குச் சக்கரம் மாட்டி ஓட்டலாம்னு பாக்கிறீங்களா, தலைவரே?" சேது சீறினார். "செவப்பு அடிங்க. அம்மன் பட்டே செவப்பு."

"உன் கட்சிச் சட்டையும் செவப்பு. எங்களுக்குக் கண்ணு தெரியும்லா."

"பச்சை?" என்றார் திவாகரன் மெதுவாக.

"இப்பத்தானே அண்ணே பச்சையை உரிச்சேன்!"

"அது ராணுவப் பச்சைம்மா. இது வேற பச்சை."

"அது எந்தப் பச்சைன்னு ஊருக்கே தெரியும்," என்றார் சேது.

விமலா கார்டைப் புரட்டினாள். "மஞ்சள்?"

"மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டு ரோட்டுல போராடினாங்களே, மறந்துட்டியா?"

"வெள்ளை?"

"சவ வண்டியா?"

"ஆரஞ்சு?"

"பார்சல் கம்பெனி வண்டின்னு சனம் ஐசி கார்டைத் தூக்கிட்டுக் கையெழுத்துப் போட ஓடி வந்துரும்."

கடைசியில் சிவானந்தம் எழுந்தார். "பூக்கட்டிப் பாத்துருவோம். ஆத்தாவே சொல்லட்டும்."

பூவுக்குப் பதிலாக, கலர் கார்டிலிருந்து வெட்டிய மூன்று துண்டுகள். பழைய நாளிதழில் மூன்று பொட்டலங்கள். தாம்பாளம் அம்மன் முன்னால் போனது. பூசாரி செல்லன் தீபாராதனை காட்ட, எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

விமலா மட்டும் மூடவில்லை.

தலைவரின் கை தாம்பாளத்துக்குப் போய் வந்தது. பின்னாலேயே சேதுவின் கை. திவாகரனோ பொட்டலங்களை ஒரு பிடியே போட்டார். மூன்று பொட்டலம் இருந்த தாம்பாளத்தில் இப்போது ஒரு குவியல்!

"நீயே எடும்மா," என்றார் சிவானந்தம் பக்தியோடு. "எந்தக் கட்சியிலயும் இல்லாத ஒரே ஆளு நீதான்."

விமலாவின் உள்ளங்கையில் ஏற்கெனவே ஒரு பொட்டலம் இருந்தது. சற்றுமுன் செல்லன் கொடுத்த திருநீற்றை அதே நாளிதழின் கிழிசலில்தான் மடித்து வைத்திருந்தாள்.

'ஆத்தா, இத்தனை பேரும் உன்னை ஏமாத்தறாங்க. நான் ஒருத்தி யோக்கியமா நின்னு உன் ஊர்வலத்தையும் என் பொழப்பையும் கெடுக்கணுமா?'

கையைக் குவியலுக்குள் விட்டாள். எடுத்தாள். பிரித்தாள்.

திருநீறு!

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது எப்படி உள்ளே வந்தது? பொட்டலங்களை எண்ணிப் பார்ப்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எண்ணினால் என்ன தெரியும் என்பது மூவருக்கும் தெரியும்.

"சாம்பல்! ஆத்தா சாம்பல் கேட்டுட்டா!" செல்லன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேறு வழியில்லாமல் கமிட்டியும் போட்டுக்கொண்டது.

கமிட்டியின் மனசு மாறுவதற்குள் முடித்தாக வேண்டும். மத்தியானமே பெயின்டைக் கலந்தாள். அடிப்பூச்சும் சாம்பல்தான்; அதன் மேல் சாம்பல் என்பதால் ஒரு பூச்சு மிச்சம். பொழுது சாய்வதற்குள் லோரி பளபளத்தது.

சனிக்கிழமை விடிந்ததும் கமிட்டி வந்து நின்றது.

"கடற்படை வண்டி மாதிரில்ல இருக்கு?" என்றார் திவாகரன்.

"அது கெடக்கட்டும். கதவுல நம்ம பேரு எழுதணும். தலைவர் பேரு மேல," என்றார் சிவானந்தம்.

"ஏலத்துக்கு டுயிட்டை எண்ணிக் கட்டினது நான். என் பேரு எதுக்குக் கீழ?" என்றார் சேது.

வாசலில் ஆ லெங்கின் முதல் லோரி ஹார்ன் அடித்தது. விமலா அம்மன் லோரியில் ஏறினாள், கிளப்பினாள், கமிட்டி துள்ளி விலகியது. எதிர்ப்பக்க மரத்தடியில் நிறுத்திவிட்டுச் சாவியைத் தலைவர் கையில் திணித்தாள்.

"பேரைக் கோயில்ல வச்சு எழுதிக்குங்க, அண்ணே."

அவள் திரும்பி வருவதற்குள் மீன் லோரி பட்டறைக்குள் பின்பக்கமாக நுழைந்துகொண்டிருந்தது.

"தவுக்கே, இதுக்கு என்ன கலர்?"

"எதையாவது அடிலா. மீனுக்குத் தெரியவா போவுது?"