பழைய அட்டை பொருந்தாது

முள்ளிப்பட்டு நெசவாளர் சங்கத்தின் எழுத்தர் வேணுகோபாலுக்கு ஒரு பலவீனம் உண்டு. நோட்டீஸ் எழுதச் சொன்னால் நல்ல தமிழில் எழுதிவிடுவார். தறிக்குப் புதுப் பெட்டி வருகிறது என்று நாலு சொல்லில் முடியவேண்டிய சேதி அவர் கையில் அகப்பட்டால், பொற்கரங்களில் தொடங்கிப் பேருவகையில் போய்த்தான் நிற்கும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவணியில் நிஜமாகவே புதுப் பெட்டி வந்தது. பட்டுச்சேலைக் கரையில் அன்னமும் மாங்காயும் விழுவதற்குத் தறியின் தலைக்குமேல் ஜக்கார்டு என்று ஒரு பெட்டி இருக்கும். துளை போட்ட அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்து அதில் மாட்டித் தொங்கவிடுவார்கள். அட்டையில் துளை இருக்கும் இடத்து நூல் எழும்பும், இல்லாத இடத்து நூல் கிடக்கும். அன்னம் உண்மையில் அட்டையில்தான் குடியிருக்கிறது. பெட்டி, அட்டை சொன்னதைச் செய்கிற வேலைக்காரன்.

இருபது தறிகளுக்குப் புதுப் பெட்டி கொடுப்பதென்று சங்கம் தீர்மானித்தது. பெட்டிகளோடு கம்பெனிக்காரர்கள் இங்கிலீஷில் இரண்டு தாள் அனுப்பியிருந்தார்கள். முதல் தாள் முழுக்கப் பெட்டியின் பெருமை. இரண்டாம் தாளில், பழைய பெட்டியிலிருந்து இதற்கு மாறும்போது எதெல்லாம் ஒத்துவராது என்று ஒரு பட்டியல். ஒரு பக்கம்தான். பின்பக்கம் வெறுமையாக, வழுவழுவென்று இருந்தது.

வேணுகோபால் இரண்டையும் தமிழாக்கினார். முதல் தாளுக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்தார். இரண்டாவதில் முதல் இரண்டு விஷயத்தை மட்டும் எழுதினார்: பழைய அட்டை புதுப் பெட்டியில் பொருந்தாது, தறியில் ஏற்றிய பாவு நூல் பாதியில் இருக்கும்போது பெட்டியை மாற்றக் கூடாது. மிச்சத்தை, "இன்னும் சில சிறு மாற்றங்களும் உள" என்று ஒரே வரியில் அடக்கினார். அந்த 'உள' அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

சங்கத் தலைவர் தருமனுக்கு அதுகூடப் பிடிக்கவில்லை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வீடுவீடாகக் கொடுக்கப்போகிற நோட்டீஸ் அது.

"இன்னா வேணு, பொருந்தாது, கூடாதுன்னு எழுதிகினு வந்திருக்க? இது தொறப்பு விழாப் பத்திரிகையா, கருமாதிப் பத்திரிகையா? அதையெல்லாம் எடுத்துடு."

மங்கல காரியத்தில் அமங்கலச் சொல் கூடாதுதானே என்று வேணுகோபாலுக்கும் பட்டது. அந்த இரண்டு வரியும் தன் நடைக்கு நடுவில் பல்லில் சிக்கிய நார்போல உறுத்திக்கொண்டிருந்தது வேறு விஷயம். எடுத்துவிட்டார். எடுத்த இடம் காலியாக இருக்கலாமா? "எந்நேரமும் எவ்விதத் தடையுமின்றி இனிதே இயங்கும்" என்று போட்டு நிரப்பினார்.

விழா நன்றாக நடந்தது. தலைவரைப் பற்றி வேணுகோபால் எழுதி வாசித்த வாழ்த்துரையைத் தலைவர் தாமே வாங்கிச் சங்கச் சுவரில், நாற்காலிக்கு நேர்மேலே, மைதா பசையால் ஒட்டிக்கொண்டார்.

மறுநாள், முதல் மூன்று தறிகளுக்குப் பெட்டி மாற்ற மெக்கானிக் கிளம்பினார். அதில் ஒன்று கன்னியம்மாவுடையது.

ஒரு பாவில் மூன்று சேலை. பாவு முடியாமல் தறியில் எவரும் கைவைப்பதில்லை. கன்னியம்மா இரண்டை நெய்து முடித்திருந்தாள், மூன்றாவது பாக்கி. கடைசி இரண்டும் சந்தவாசல் தேவகியம்மாவின் இரண்டு பெண்களுக்கு. ஒரே பந்தலில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்படுகிறவர்கள். இரண்டு சேலையும் அச்சாக ஒன்றுபோல இருக்க வேண்டும், வித்தியாசம் இருந்தால் சின்னவள் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவாள் என்று தேவகியம்மா சொல்லியிருந்தார். சங்கத்தில் இத்தனை ஆண்கள் இருக்க, உன் கைதான் வேண்டும் என்று கேட்டு வந்தவர். கன்னியம்மாவைப் பெயர் சொல்லித் தேடிவந்த முதல் ஆள் அவர். முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒரு சேலைக்கு எட்டு நாள் பிடிக்கும்.

பாவு முடியட்டுமே என்று கன்னியம்மா மெக்கானிக்கிடம் சொல்லத்தான் செய்தாள். அவர் நோட்டீசை எடுத்து 'எந்நேரமும்' என்ற இடத்தில் விரலை வைத்தார். அச்சில் இருப்பதை எதிர்த்து அவள் என்ன சொல்வாள்? பழைய பெட்டி இறங்கியது, அன்றே மற்ற இரண்டோடு லாரி ஏறிப் போயும்விட்டது.

மறுநாள் காலை அட்டைச் சரத்தைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு கன்னியம்மா சங்கத்துக்கு வந்தாள்.

"கிளார்க்கய்யா, அட்டை புதுப் பெட்டி முளையில உக்கார மாட்டேங்குது. ஓட்ட ஒரு பக்கம், முளை ஒரு பக்கம். இது முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

வேணுகோபால் வாயைத் திறந்தார். நல்ல தமிழ் எதுவும் வரவில்லை.

"தெரியும்மா," என்றார்.

அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சரத்தை மேசைமேல் இறக்கிவைத்து, "படிச்சிட்டுதான் மாட்ட வுட்டேன். நீங்க எழுதினதாச்சேன்னு," என்று மட்டும் சொன்னாள்.

இருவரும் அட்டை அடிக்கிற ஜெயத்திடம் போனார்கள். ஊரில் யார் தறியில் எந்தப் பூ விழுந்தாலும் அது ஜெயத்தின் உளி போட்ட துளை வழியாக வந்ததுதான். சரத்தைப் புரட்டிப் பார்த்து, நூற்றறுபது அட்டை, எல்லாம் புதிதாக அடிக்க வேண்டும், மூன்று நாள் ஆகும் என்றாள். வேணுகோபால் கணக்குப் போட்டார். மூன்றும் எட்டும் பதினொன்று. மூச்சு வந்தது.

ஜெயம் உளியை எடுக்கவில்லை.

"முதத் தொளைய எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணணும்ண்ணே? பழசு எடப்பக்கத்துலேர்ந்து எண்ணும். புதுசு எப்படி? மாத்தி அடிச்சிட்டா அன்னம் திரும்பிக்கும். ஒரு பொண்ணு சேலைல வலம் பாக்கும், இன்னொருத்தி சேலைல இடம் பாக்கும்."

சில சிறு மாற்றங்கள் உள. வேணுகோபாலுக்குக் காது சுட்டது. அந்தச் சிறு மாற்றத்தில் இதுவும் ஒன்று, ஆனால் எந்தப் பக்கம் என்று நினைவில்லை. மெக்கானிக் ஆற்காட்டுப் பக்கம் போய்விட்டார். கம்பெனிக்குக் கடிதம் போட்டால் பதில் வருவதற்குள் பெண்கள் மறுவீடே போய்விடுவார்கள். தாளைப் பார்த்தால்தான் உண்டு. தாள் எங்கே என்று யோசித்தவருக்கு, வழுவழுப்பான அதன் பின்பக்கத்தில்தான் வாழ்த்துரையை எழுதினோம் என்பது ஞாபகம் வந்தது.

சங்கத்தில் தலைவர் சுவரடியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேணுகோபால் ஈரத்துணியோடு ஸ்டூல்மேல் ஏறினார்.

"யோவ், இன்னா பண்ற?"

"ஒரு வெவரம் பாக்கணுங்க. பின்னாடி இருக்குது."

"எம்மேல எழுதினதய்யா அது."

"அத நான் இன்னொரு தபா எழுதித் தரேங்க. இத என்னால எழுத முடியாது."

மைதா பசை நல்ல பசை. பாதுகாவலர் என்ற சொல்லோடு ஒரு மூலை சுவரிலேயே நின்றுவிட்டது, தொண்டுள்ளம் நனைந்து கிழிந்தது. ஆனால் பட்டியல் இருந்த நடுப்பாகம் முழுசாக வந்தது. திருப்பிப் பிடித்தார். ஐந்தாவது வரி: துளைகளை வலப்பக்கத்திலிருந்து எண்ணுக. ஆறாவது வரி: ஒவ்வொரு அட்டையிலும் கடைசி இரண்டு துளை வரிசையைக் காலியாக விடுக. இதை அவர் முதல் தடவை படித்ததாகவே நினைவில்லை.

ஜெயம் அட்டை அடித்த மூன்று நாளும் வேணுகோபால் கூடவே உட்கார்ந்து, பழைய அட்டையில் இடமிருந்து துளை எண்ணிச் சொன்னார்; அவள் புதியதில் வலமிருந்து அடித்தாள். எண்ணுவதில் நடை இல்லை, அலங்காரம் இல்லை. ஒன்று தப்பினால் ஜெயம் நிமிர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான். நடுவில் எழுந்த நேரத்தில், பெட்டி வராத பதினேழு வீட்டுக்கும் ஒரு நோட்டீஸ் எழுதினார். பழைய அட்டை பொருந்தாது. பாவு முடிந்த பிறகே மாற்றவும். பழைய பெட்டியை உடனே திருப்பித் தராதீர்கள். இப்படி ஆறு வரி. பட்டியல் முழுவதையும் பார்த்து எழுதியது.

தலைவர் அதை மேலும் கீழும் பார்த்தார். "இதுல எம்பேரு எங்க?"

"எதெல்லாம் பொருந்தாதுங்கற லிஸ்டுங்க இது. எந்த வரில போடட்டும்?"

தலைவர் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். பிறகு, கீழே கையெழுத்து மட்டும் போதும் என்று போட்டுக்கொடுத்தார். கெட்ட மனிதரில்லை.

முகூர்த்தத்துக்கு முதல்நாள் காலையில் சேலையைத் தறியிலிருந்து அறுத்தாள் கன்னியம்மா. விரல் நுனிகள் சிவந்திருந்தன. தேவகியம்மா இரண்டு பெண்களோடும் பஸ்ஸில் வந்திறங்கினார். பாயில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டார்கள். வேணுகோபால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியவள் சும்மா பார்த்தாள். சின்னவள்தான் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். முந்தியைப் புரட்டினாள், கரையில் விரல் வைத்து ஒவ்வோர் அன்னமாகத் தடவிக்கொண்டே போனாள், அப்படியே மற்றச் சேலையிலும் போனாள். கன்னியம்மா பெண்ணைப் பார்க்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எது வேணும் உனக்கு?" என்றாள் அக்கா.

"எதுன்னா இன்னா," என்று சின்னவள் கைக்குக் கிட்டே இருந்ததை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.