கூரை மேல் முப்பத்தேழு

"கை நடுங்குது பாரு உனக்கு. எனக்குத்தான் நடுங்குதுன்னு நினைச்சேன்," என்றார் ஹாய்ட்.

"பேசாம இருங்கப்பா. சிரிப்பு வந்தா கோணிடும்."

ரோவீனா மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூன்று என்ற எண்ணின் அடி வளைவை தூரிகையின் நுனியால் இழுத்து முடித்தாள். ஒரு சாண் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் கார் அது. இரண்டு கதவுகளிலும் முப்பத்தேழு என்று எழுதியாயிற்று. தீப்பெட்டி அகலக் கூரையில் அதே எண்ணை எழுதுவது, கொசுவுக்குப் பொட்டு வைக்கிற வேலைதான். வீட்டு ஜன்னலோரம் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணை உயரத்தில் சாய்ந்தபடி அவள் அப்பா மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் வந்துபோன நர்ஸ், சமையலறையில் வைத்து ரோவீனாவின் தோளைத் தொட்டு, "இன்னைக்கே இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கட்டிலில் இருந்தவருக்கும் அது தெரிந்தே இருந்தது. அதனால்தான் கார் இன்றைக்கே முடிய வேண்டும் என்று அடம்.

மனைவி மோசெல் இறந்த மறு குளிர்காலத்தில் ஹாய்ட் கடையிலிருந்து, பாகம் பாகமாக ஒட்டிச் செய்கிற அந்தப் பொம்மைக் கார்ப் பெட்டியை வாங்கி வந்தார். பெட்டியின் மேல் பளபளவென்று சிவப்பு நிறத்தில், கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற மாதிரி ஒரு பழைய இரண்டு கதவுக் காரின் படம். தான் ஒரு காலத்தில் ஓட்டிய பந்தயக் காராக அதை மாற்ற, உள்ளே இருந்ததை எல்லாம் அவர் எதிரியின் சொத்துபோலச் சூறையாடினார். வெள்ளிப் பூச்சு பம்பர்கள் முதலில் குப்பைக்குப் போயின. விளக்குகள் போய், அந்த ஓட்டைகளில் தகடு ஏறியது. ஜன்னல் கண்ணாடியைப் போடலாமே என்று ரோவீனா ஒருமுறை கேட்டதற்கு, "போட்டுக்கிட்டு எவன் ஓட்டுவான்? முகத்துல குத்திக்கவா?" என்று எரிந்து விழுந்தார். முன் சக்கர மூடிகளைச் சவர பிளேடால் அறுத்தார். பாகங்கள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி வளைத்து, உருண்டாலும் தலை நசுங்காமலிருக்க உள்ளே கூண்டு கட்டினார். டீ வடிகட்டியை வெட்டி ரேடியேட்டருக்கு முன்னால் வலை வைத்தார். பழைய கைக்கடிகாரத்தின் தோல் வாரைக் கீறி, கதவு திறந்துகொள்ளாமல் பெல்ட் மாதிரிச் சுற்றிக் கட்டினார். வலப்பக்கப் பின்சக்கரம் மட்டும் கொஞ்சம் பெரிது. அதற்காகவே இன்னொரு பெட்டி வாங்கினார். வட்டப் பாதையில் எப்போதும் இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அப்படித்தான் வேண்டும். நிறம், வீட்டு முன்கூடத்தின் மேற்கூரைக்கு அடித்து மிஞ்சிய வெளிர்பச்சை. அசல் வண்டிக்கும் யார் வீட்டிலோ மிஞ்சிய பெயிண்ட்தான் என்றார்.

அசல் வண்டியை ரோவீனா பார்த்ததில்லை. அவள் பிறப்பதற்கு முன்னாலேயே, மூன்று கோடைகாலம் ஓட்டிவிட்டு அப்பா அதை விற்றுவிட்டார். பிறகு நாற்காலித் தொழிற்சாலையில் வார்னிஷ் அடித்தே வயதாகிப்போனார். வீட்டில் அதன் படம் ஒன்றுகூட இல்லை. ரேடியோவில் பந்தய வர்ணனை வந்தால் அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அப்பா சத்தத்தைக் குறைப்பார். இரண்டு பேரும் சண்டை போட்டு அவள் பார்த்ததில்லை. கொஞ்சிக்கொண்டும் பார்த்ததில்லை. இப்படி இரண்டு பேர் ஏன் கட்டிக்கொண்டார்கள் என்று, தன் கல்யாணம் முறிந்து இந்த வீட்டுக்கே திரும்பி வந்த பிறகு அவள் அதிகமாகவே யோசித்திருக்கிறாள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை, அம்மா அப்பாவை ஆசையாகப் பார்த்து அவள் கண்ணால் கண்டிருந்தால் போதும் என்று இருந்தது.

"ஏழைப் போடட்டுமா?" என்றாள்.

"கொஞ்சம் இரு. இது எந்தப் பக்கத்திலேருந்து பாத்தா நேரா தெரியும்?"

"வலப்பக்கத்திலேருந்துப்பா. பாதைக்கு வெளிய, ஸ்டாண்டுல உக்காந்து பந்தயம் பாக்கிறவங்களுக்கு."

"மாத்திப் போடு. இடப்பக்கத்திலேருந்து தெரியணும்."

ரோவீனா தூரிகையைக் கீழே வைத்தாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறவள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை ஒன்றுவிடாமல் பார்க்கிறவள். எந்த வண்டிக்கு எந்த டயர் என்பதில் ஆண்பிள்ளைகளோடு மல்லுக்கு நின்று ஜெயிக்கிறவள். இந்த விஷயத்தில் அவளுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது.

"அப்பா, எல்லா வண்டிக்கும் இப்படித்தான். சுத்து எண்ணுறவங்க ஸ்டாண்டுலதானே இருப்பாங்க? அவங்களுக்குத் தலைகீழா தெரிஞ்சா எப்படி?"

"அவ எப்படிப் படிப்பா?"

"யாருப்பா?"

அவருக்கு மூச்சு வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். மருந்து பேசுகிறது என்று ரோவீனா நினைத்தாள். முந்தின நாள், பின்கட்டில் யாரோ தண்ணீர் இறைக்கிறார்கள் என்றார். அதற்கு முந்தின நாள், செத்துப்போன நாய்க்குச் சோறு வைக்கச் சொன்னார். அப்பாவின் வண்டி சரியாக இருக்க வேண்டும், நாளைக்குப் பார்க்கிற கிழவன்கள் யாரும் ஒரு குறை சொல்லக்கூடாது. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, மூன்றுக்குப் பக்கத்தில் ஏழை, வலப்பக்கத்திலிருந்து நேராகத் தெரியும்படியே போட்டாள்.

காய்ந்ததும் முகத்துக்கு எதிரே ஏந்திக் காட்டினாள். ஹாய்ட் வெகுநேரம் பார்த்தார். பச்சை, பெல்ட், வலை எல்லாவற்றின் மேலும் போன கண் கூரைக்கு வந்து நின்றது.

"நல்லாருக்கு," என்றார், உப்பில்லாத பீன்ஸைச் சொல்கிற மாதிரி. அப்புறம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மத்தியானம், அவள் சமையலறையில் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய்விட்டார். திரும்பி வந்தவளுக்கு முதலில் தெரியவில்லை. ஈரக் கையோடு, கூரையில் எழுத்து பிசிறியிருக்கிறதா என்று காரைத்தான் பார்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் சவ அடக்க நிலையத்தில் ஊரே வந்து போனது. வீட்டில் பன்றித் தொடைக்கறியும் உருளைக்கிழங்கு சாலடும் வாழைப்பழப் புட்டிங்கும் வைக்க இடமில்லாமல் குவிந்து கிடந்தன. சாவு வீட்டில் யாரும் பசித்திருக்கக் கூடாது என்பதில் அந்த மலைக்காட்டுச் சனம் கண்டிப்பு. போனவருக்குப் பிடித்தமானதைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பதும் வழக்கம். மீன்தூண்டில் வைப்பார்கள், பைபிள் வைப்பார்கள். ரோவீனா ஒரு சின்ன மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, காரை வைத்திருந்தாள்.

வந்தவர்கள் குனிந்து பார்த்து மெச்சினார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

கடைசியாக ஆர்வில் வந்தார். அந்த மூன்று கோடையும் ஹாய்டின் வண்டிக்கு எஞ்சின் பார்த்தவர். கைத்தடி, காதில் மெஷின், வாயில் வடிகட்டாத பேச்சு. பெட்டிக்குள் இருந்த நண்பனைப் பார்த்து, "டை கட்டிவிட்டிருக்காங்களேடா உனக்கு, பாவி," என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினார்.

"பெல்ட்கூடப் போட்டிருக்கானே! அசல் வண்டியில அது என் இடுப்பு பெல்ட்டுடி. அவுத்துக் குடுத்துட்டு நாள் பூரா பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்." சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "இந்த நம்பரை யார் போட்டது?"

"நான்தான் மாமா."

"அதானே. அவன் இப்படிப் போட மாட்டான். அவனுது இந்தப் பக்கம் பாத்து இருக்கும்." தடியின் முனையால் காரின் இடப்பக்கத்தைக் காட்டினார்.

ரோவீனா குனிந்து கூரையைப் பார்த்தாள்.

"ஏன் மாமா? சுத்து எண்ணுறவங்க..."

"திட்டித் தீத்தாங்க! அது செம்மண் பாதை. ரெண்டு சுத்துலயே கதவு நம்பர்ல சேறு அப்பிடும். கூரை நம்பர் ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும். இவனுது தலைகீழா இருந்தா? ஒரு தடவை ஒரு சுத்தையே எண்ணாம விட்டுட்டாங்க. ஜெயிச்ச பந்தயம் கைவிட்டுப்போச்சு. மாத்துடா மாத்துடான்னு நான் கால்ல விழாத குறை. மாட்டேன்னுட்டான்."

"எதுக்கு?"

ஆர்வில் சுற்றுமுற்றும் பார்த்தார். இத்தனை வருஷம் கழித்தும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"உங்க தாத்தா சபை மூப்பர். ஞாயித்துக்கிழமை பந்தயம் பாக்குறவன் நேரா நரகத்துக்குன்னு பேசுற மனுஷன். அவர் மக, உங்கம்மா, ஸ்டாண்டுக்கு வர முடியுமா? சர்ச்சு முடிஞ்சதும், பாட்டி கல்லறைக்குப் பூ வைக்கிறேன்னுட்டு சர்ச்சுக்குப் பின்னால கல்லறை மேட்டுல வந்து நிப்பா. அங்கேருந்து பாத்தா பந்தயப் பாதையில மேட்டுக்கு அடியில வர்ற பாதி தெரியாது, பைன் மரம் மறைக்கும். அந்தாண்ட ஸ்டாண்டுக்கு முன்னாடி போற பாதி மட்டும்தான் தெரியும். அங்க போறப்போ வண்டியோட இடப்பக்கம்தான் மேட்டைப் பாத்து இருக்கும். எல்லா வண்டியும் மேலேருந்து ஒரே மண் நிறம். எது நம்ம ஆளுன்னு அவளுக்குத் தெரிய வேணாமா?"

ரோவீனா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணாவது கோடையில வண்டியோட தலைகீழா உருண்டான் பாரு, அதையும் அவ அங்கேருந்துதான் பாத்தா. ஓடி வர முடியல. வந்தா ஊருக்கே தெரிஞ்சிடும். மறுநாள் சபைப் பொம்பளைங்களோட சேந்து, நோயாளியைப் பாக்க வந்த மாதிரி ஆஸ்பத்திரிக்கு வந்தா. எல்லாரும் ஜெபம் பண்ணிட்டு வெளிய போனதும், 'இன்னொரு தடவை அந்த நம்பரை நான் தலைகீழா பாக்க மாட்டேன்'னா. அவ்வளவுதான். கட்டு பிரிச்ச வாரமே வண்டியை வித்துட்டான். என்னைக் கேக்கவே இல்ல, ராஸ்கல்." ஆர்வில் கைக்குட்டையைத் தேடினார். "நீ போட்டதுல தப்பில்ல கண்ணு. சட்டப்படி இதுதான் சரி."

சட்டப்படி சரி. ரோவீனாவுக்கு அந்த வார்த்தை கசந்தது. அவ எப்படிப் படிப்பா என்று அத்தனை தெளிவாகக் கேட்டாரே.

சின்ன வயது ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. ஆராதனை முடிந்து எல்லோரும் கை குலுக்கிக்கொண்டிருப்பார்கள். அம்மா மட்டும் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மேட்டு விளிம்பில் போய் நிற்பாள். தாத்தா பாட்டியின் கல்லறையைப் பார்க்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அம்மா ஏன் கல்லறைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, அப்பா, "காத்து வாங்குறா, விடு," என்றார். அம்மா திரும்பி வரும்வரை அவரும் காரில் ஏறாமல், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அடக்கத்தன்று காலையில் காபியைக்கூடக் குடிக்காமல், முந்தின இரவே வீட்டுக்கு எடுத்து வந்திருந்த காரோடு ரோவீனா மேசை முன் உட்கார்ந்தாள். கூரை முழுவதும் பச்சையைப் பூசி முப்பத்தேழை மறைத்தாள். தலைமுடி உலர்த்தும் மெஷினால் காற்றடித்துக் காயவைத்தாள். காரை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, மூன்றைப் போட்டாள், ஏழைப் போட்டாள். கை நடுங்கவில்லை. முடித்துவிட்டு, காலியாகக் கிடந்த கட்டிலுக்கு எதிரே ஒரு கணம் அதைத் தூக்கிக் காட்டினாள். தான் செய்வது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தேதான் காட்டினாள். அப்புறம் வாய்விட்டு அழுதாள்.

மேட்டில் குழி, மோசெலுக்குப் பக்கத்திலேயே வெட்டியிருந்தார்கள். போதகர் சுருக்கமாக முடித்தார். கீழே பழைய பந்தயப் பாதை இருந்த இடத்தில் இப்போது கோழிப்பண்ணைகள். பைன் மரங்களையும் எப்போதோ வெட்டிவிட்டார்கள். தகரக் கூரைகளுக்கு அப்பால், புல் வேறு நிறத்தில் வளர்ந்திருந்த ஒரு நீண்ட வளைவு மட்டும் தெரிந்தது. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பெட்டியை இறக்கும் முன் ஆர்வில் அவள் காதருகே வந்தார். "வண்டியை உள்ள வைக்கலியா? அவன்கூடவே போகட்டுமே."

"இல்ல மாமா. அவருக்கு இல்ல இது."

எல்லோரும் கார்களை நோக்கி இறங்கிப் போன பிறகு, ரோவீனா அம்மாவின் கல்லுக்கு முன்னால் மண்டியிட்டாள். கல்லின் அடிமேடையில் காரை வைத்தாள். அதன் இடப்பக்கம் கல்லைப் பார்க்கும்படி திருப்பினாள். புதுக் குழியிலிருந்து அள்ளிப் போட்ட செம்மண் பக்கத்திலேயே ஈரமாகக் கிடந்தது. விரலில் கொஞ்சம் எடுத்து, ஒரு கதவில் தேய்த்தாள். மறு கதவிலும் தேய்த்தாள். எண் மறையும்வரை தேய்த்தாள்.

கூரையில் மண் படவில்லையே என்று குனிந்து ஊதிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.