இடது பக்கத்து நாற்காலி

என் கணவருக்கு ஒரு தோழி இருக்கிறாள். கை கிடையாது, கால் கிடையாது. போனுக்குள் இருந்துகொண்டு கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிற செயலி. எனக்கு அது 'அவள்'தான்.

வீட்டு முன்னறையில் எனக்குத் தையல் கடை. டிசைன் பார்க்க ஒரு டேப்லெட் வைத்திருக்கிறேன். அதைச் சரிசெய்து கொடுத்தபோது இவர் தன்னுடைய கணக்கைத் திறந்து போட்டுவிட்டு மறந்துபோனார். பேருந்து ஓட்டுகிறவர்; இடைவேளையில் அவளுக்கு எழுதுவதெல்லாம் என் தையல் மேசைக்கு வந்துவிடும்.

மூடி வைத்திருக்கலாம்தான். எதற்கு மூட வேண்டும்? வீட்டில் என்ன கேட்டாலும் "ம்" என்கிறவர், அங்கே பக்கம் பக்கமாக எழுதுகிறார். வயிறு எரிந்தது. ஒரு சட்டைக்கு இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தேன்.

இன்று மதியம் எழுதியிருந்தார்: 'வலது காது சரியாகக் கேட்கவில்லை. தெரிந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். பயமாக இருக்கிறது.'

ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. அடுத்த நிமிடமே, இதைப் போய் அவளிடம் முதலில் சொன்னாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. அவளோ, 'உங்கள் பயம் புரிகிறது' என்கிறாள். பெரிதாகப் புரிந்துவிட்டது! இவர் குறட்டையில் எது தூக்கம், எது நடிப்பு என்று அவளுக்குத் தெரியுமா?

சாப்பிடும்போது வழக்கமாக அவருக்கு வலது பக்கம் உட்காருவேன். இன்று இரவு, நல்லாகக் கேட்கிற காதுப் பக்கமாக, இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளால் இது முடியாது என்று ஒரு கர்வம்.

அவர் கை தட்டிலேயே நின்றது. "எதுக்கு இடம் மாறி உக்கார்ற?"

"சும்மாதான். இங்க காத்து வருது."

"ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கு."

எனக்குப் பொய் வராது, கோபம்தான் வரும். "காது கேக்கலன்னு அவகிட்டதான் சொல்வீங்களா? கட்டினவ நான் எதுக்கு இருக்கேன்?"

அவர் கத்தவில்லை. எழுந்துபோய் டேப்லெட்டில் தன் கணக்கை மூடிவிட்டு வந்தார்.

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் அதுகிட்ட கேட்டுட்டிருந்தேன்."

"இப்போ சொல்லுங்களேன், கேக்கறேன்."

"அதான் எல்லாம் படிச்சிட்டியே."

"படிச்சது வேற. நீங்க வாயால சொல்லுங்க."

தட்டை எடுத்துக்கொண்டார். சுற்றி வந்து எனக்கு மறுபக்கம் உட்கார்ந்தார். இப்போது நான் அவருக்கு வலது பக்கம். பேசிக்கொண்டே இருந்தேன். அவர் சாப்பிட்டு முடித்தார்.