சுண்ணாம்பு வைத்த பல்

ஆறாம் மாதத்து வயிற்றில் கைவைத்தபடி சிவசக்தி பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அமர்ந்திருந்தாள். காலையிலிருந்து பிள்ளை ஒருமுறைகூட அசையவில்லை. வாயின் வலப்புறம் நெருப்பாய் எரிந்தது.

எல்லாம் முந்தைய நாள் மாலை கைத்தொலைபேசியில் வந்த ஒரு காணொளியால் தொடங்கியது. வெள்ளி நிறத்தில் பல் அடைத்தவர்களின் வாயில் பாதரசம் இருக்கிறதென்றும், அது தாயின் இரத்தத்தில் கலந்து கருவைத் தின்றுவிடுமென்றும் அதில் ஒருவர் உரத்த குரலில் எச்சரித்தார். சிவசக்தியின் கடைவாய்ப் பல்லில் எட்டு ஆண்டுகளாக அந்த அடைப்பு இருந்தது. சென்ற ஆண்டு அவளுக்கு மூன்று மாதக் கரு கலைந்திருந்தது. இரண்டையும் அவள் மனம் ஒரே நொடியில் முடிச்சிட்டுவிட்டது.

தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் அடுத்த வீட்டு இராக்கம்மா, அவளோடு கொழுந்து பறிப்பவள், வழி சொன்னாள்.

“இதுக்கு ஏண்டி அழுவுற? குளவி கொட்டுனா சுண்ணாம்பு தடவுறோம், வெசத்த இழுத்துருதுல்ல? பல்லுக்கு மட்டும் வேற சுண்ணாம்பா?”

வெற்றிலைச் சுண்ணாம்பைப் பல்லைச் சுற்றி அப்பிக்கொண்டு சிவசக்தி படுத்தாள். விடிந்தபோது ஈறு வெந்து, வெள்ளையாய் உரிந்து வந்தது. விஷம் வெளியேறுகிறது என்று முதலில் நினைத்தாள். பாதி வயிற்றுக்குள்ளும் இறங்கியிருக்குமே என்று தோன்றியதும் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிள்ளை அசையாததை அப்போதுதான் உணர்ந்தாள்.

“எல்லாம் என் வாயால வந்த வென” என்று புலம்பிக்கொண்டே இராக்கம்மாவும் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் பல் மருத்துவர் இஸ்ரா அவள் வாயைப் பார்த்துத் திடுக்கிட்டார். “என்ன தங்கச்சி, ஈறெல்லாம் வெந்திருக்கு?”

“குளவி வெசத்த இழுக்குற மாதிரி பாதரசத்தையும் இழுக்கும்னு சுண்ணாம்பு வச்சேங்க, டொக்டர். இத இப்பவே தோண்டி எடுத்துருங்க. புள்ள அசையலிங்க.”

இஸ்ராவின் கை நின்றது. “முதல்ல புள்ளயப் பாப்போம். பல்லு பொறகு.”

மகப்பேற்றுப் பிரிவில் மருத்துவத் தாதி வயிற்றின் மேல் கருவியை வைத்து நகர்த்தினாள். இரைச்சல் மட்டுமே கேட்டது. மீண்டும் நகர்த்தினாள். பிறகு, தகரக் கூரையில் மழை இறங்குவதுபோல் வேகவேகமாய் ஓர் இதயத் துடிப்பு கேட்டது.

திரும்பி வந்தவளின் ஈற்றைக் கழுவி மருந்திட்டார் இஸ்ரா.

“அடைப்பு முழுசா இருக்கு. அதுல இருந்து வார பாதரச ஆவி ரொம்பக் கொஞ்சம். அதால புள்ளைக்குக் கெடுதி வந்ததா ஆராய்ச்சியில காணல்ல. தோண்டினாத்தான் ஆவி கூடும்.”

“அப்ப பயமே இல்லீங்களா?”

இஸ்ரா கையுறையைக் கழற்றினார். “பொய் சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகளுக்கு நாங்க இத புதுசா வைக்கிறதில்ல. அது முன்னெச்சரிக்கை.” பின் இராக்கம்மாவைப் பார்த்தார். “குளவிக் கூட்டுக்குச் சுண்ணாம்பு பூசுவீங்களா?”

“ஐயையோ! கூடு இருக்குற செடியவே தொட மாட்டோமே!”

“அப்ப இதையும் தொடாதீங்க.”

அடுத்த வாரம் மலையில், குளவிக் கூட்டுக்கு அடையாளமாய்ச் சிவப்புத் துணி கட்டிய செடியொன்று சிவசக்தி கொழுந்து பறிக்கும் நிரையில் இருந்தது. நாவைப் பல்லில் படாமல் ஒதுக்கிக்கொண்டு, ஓசையின்றி அதைக் கடந்தாள். அந்நேரம் பிள்ளை ஒருமுறை உதைத்தது. அவள் நிற்கவில்லை. பத்துச் செடி தாண்டிய பிறகே வயிற்றில் கைவைத்தாள்.