ஒரு பிடி புல்லுக்கு ஒரு கருவேப்பிலைக் கன்று

கோலியர்ஸ் வுட்டில் பூங்காவுக்குப் பஸ் ஏறியதிலிருந்து தவநாயகி மடியில் கருவேப்பிலைக் கன்றை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நாலு வருடம் குசினி ஜன்னலில், ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பிள்ளை போல வளர்த்தது. லண்டனில் கருவேப்பிலையைக் கன்றோடு தூக்கிக் கொடுக்கிறவள் காதில் கிடப்பதையும் கழற்றிக் கொடுப்பாள்.

"வெள்ளைக்காரிக்கு இது என்னத்துக்கப்பா? ஒரு கார்ட் குடுத்தால் காணாதே?" என்றார் கணவர் ஞானேஸ்வரன்.

"கார்ட் முளைக்குமே?"

போன செப்டம்பரில் இருவரும் இதே பூங்காவுக்கு நடக்க வந்தார்கள். ஆளுயரப் புல், நடுவே ஊதாவும் மஞ்சளுமாகப் பூக்கள். பாத்தியும் இல்லை, வரிசையும் இல்லை. "கவுன்சில்காரர் வெட்டாமல் விட்டிட்டாங்கள்" என்று தவநாயகி தீர்ப்புச் சொல்லி வாய் மூடவில்லை, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவள் பதறிப்போய்ப் புல்லை வேரோடு பிடுங்கி அவர் தலைக்குக் கீழே வைத்தாள். இன்னொரு பிடியைப் பிடுங்கி உயர்த்தி ஆட்டினாள். அதைக் கண்டுதான் தோட்டக்காரி ஓடி வந்தாள். அம்புலன்ஸ் வரும்வரை மண்டியிட்டு அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

பைபாஸ் முடிந்து அவர் வீடு வந்த பிறகுதான் மகள் சயந்தினி போனில் படம் காட்டி விளக்கினாள். அது பற்றைக்காடு இல்லையாம். இயற்கையான புல்வெளி போலத் தோன்றவேண்டும் என்று ஒவ்வொன்றையும் இடம் பார்த்து நட்டதாம். தவநாயகிக்கு அன்று சோறு இறங்கவில்லை. புருசனின் உயிரைத் தந்தவளுடைய தோட்டத்தை அல்லவா அவள் பிடுங்கிப் போட்டிருக்கிறாள்.

ஞானேஸ்வரனோ பார்க்க வந்த சனத்துக்கெல்லாம் "சின்ன மயக்கம்" என்றார். நெஞ்சில் ஒரு சாண் தழும்பை வைத்துக்கொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். பூங்காவுக்கு வா என்றால் ஒரு வருடமாகக் கால் நோவு. இன்றைக்கும் தப்பியிருப்பார், ஆனால் தவநாயகிக்கு இங்கிலிஷ் போதாது. முப்பது வருடம் பெற்றோல் ஸ்டேஷனில் நின்றவர்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

நரைத்த பின்னலும் பச்சைச் சட்டையுமாகத் தோட்டக்காரி பூக்களுக்கு நடுவில் குனிந்து நின்றாள். சட்டையில் ஹெலன் என்று பெயர் இருந்தது. தவநாயகி நேரே போய் முன்னால் நின்றாள்.

"சொல்லுங்கோ. அண்டைக்கு நான் உங்கட புல்லைப் பிடுங்கிப்போட்டன், அறியாமல் செய்தது, மன்னிக்கோணும் எண்டு."

அவர் சொன்னார். ஹெலனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் புல் மற்றவற்றை நெருக்கிக்கொண்டிருந்ததாகவும், தானே பிடுங்க நினைத்திருந்ததாகவும் சொன்னாள். அந்த இடத்தையும் காட்டினாள். பக்கத்துப் பூக்களின் விதை விழுந்து, ஊதாப் பூக்கள் தாமாக முளைத்து இடுப்பளவு நின்றன. அவர் தமிழில் சொல்லக் கேட்டதுமே, தானே பிடுங்க நினைத்தது பொய் என்று தவநாயகிக்குத் தெரிந்தது. அந்தப் பொய்க்காகவே அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

"இதையும் சொல்லுங்கோ. என்ர மனுசனைக் காப்பாத்தித் தந்தனீங்கள். சாகுமட்டும் மறக்கமாட்டன்."

"நீங்கள் தன் கணவரைக் காப்பாற்றினீர்களாம்" என்று ஞானேஸ்வரன் இங்கிலிஷில் தொடங்கினார், யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வது போல. தான் கிடந்த இடத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"அது நான்தான்" என்றார்.

"தெரியும்" என்றாள் ஹெலன். "வண்டி உங்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருடமாக இந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம், நான் சரியாகச் செய்யவில்லையோ என்று நினைப்பேன்."

ஞானேஸ்வரன் அதை மொழிபெயர்க்க மறந்துபோனார். தவநாயகி கன்றை ஹெலனின் கையில் வைத்தாள். "குளிருக்க வெளியில விடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

அவர் அதையும் சொல்லவில்லை. சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டை அவிழ்த்து, ஒருவருக்கும் காட்டாத தழும்பை ஹெலனுக்குக் காட்டினார்.