மிச்சமிருந்த மாத்திரை

தலைமாட்டில் விளக்கேற்றிக் கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் கையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் விட்டுவிட்ட பிளாஸ்திரியை வெட்டியெடுக்க, கத்தரிக்கோல் தேடி டிராயரை இழுத்தாள் மகள். மாத்திரை அட்டைதான் கையில் தட்டுப்பட்டது. முன்பு அவளுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தபோது வாங்கி, டாக்டர் மருந்தை மாற்றியதால் அப்படியே கிடந்தது. இப்போது ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

“இத யாரும்மா சாப்பிட்டா?”

“அப்பாதான். வயித்தால போச்சு, ரத்தமா. உன்னை எதுக்கு வேலையில தொந்தரவு பண்றதுன்னு நானே குடுத்தேன். வேணாம் வேணாம்னாரு. ஆரம்பிச்சா பாதியில நிறுத்தக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ? அதட்டி அதட்டி முழுங்க வச்சேன். கடைசி ஒண்ணு குடுக்கறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகும்படி ஆயிடுச்சு.” அம்மா மூக்கைச் சிந்தினாள். “அதையாவது செஞ்சோமேன்னு ஒரு ஆறுதல்.”

எங்கோ வெளியில் சாப்பிட்டதில் வந்த கிருமி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவளுடைய ஆராய்ச்சியே அதில்தான். அந்தக் கிருமிக்கு விஷம் சொந்தச் சொத்தல்ல. எப்போதோ உள்ளே நுழைந்த ஒரு வைரஸ், விஷத்துக்கான மரபணுவோடு அதன் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு தூங்குகிறது. இந்த ரக மாத்திரை பட்டால் வைரஸ் விழித்துக்கொள்ளும். கிருமி வெடித்து, சிறுநீரகத்தைக் கொல்லும் விஷம் கொட்டும். குடுவையில் இதே மருந்தை விட்டு, விஷம் ஏறுவதை அளந்து அளந்துதான் அவள் முனைவர் பட்டம் வாங்கினாள்.

“உன் கிருமி அப்படி என்னதான் பண்ணுது, டாக்டரம்மா?” என்று அப்பா சாப்பிடும்போது சீண்டுவார்.

“சொன்னா புரியாதுப்பா” என்பாள், போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். புரிந்திருக்கும். மாத்திரை இல்லாமலும் சிறுநீரகம் போயிருக்கலாம்தான். யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அது அவளுக்குத் துளியும் ஆறுதலாக இல்லை.

அட்டையைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

“ஏன்டி போடற?”

“பழசும்மா. காலாவதி ஆயிடுச்சு.” வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

அம்மாவின் முகம் வெளிறியது. “காலாவதியானதையா அவருக்குக் குடுத்தேன்? அதனாலதான் இப்படி ஆச்சா?”

மகள் அவசரமாகக் கூடையில் கைவிட்டு எடுத்தாள். “இல்லம்மா, நான்தான் சரியா பாக்கல. இங்க பாரு, அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு. நல்ல மாத்திரைதான்.”

அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தேதியைப் படித்தாள். அதன்பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

“அப்ப உள்ளயே வை. யாருக்காவது ஆகும்.”

மகள் அட்டையை டிராயரிலேயே வைத்தாள். கத்தரிக்கோல் அடியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அப்பாவின் கையருகே உட்கார்ந்து, அவருக்கு வலிக்காதபடி, பிளாஸ்திரியை மெல்ல மெல்ல வெட்டினாள்.