ஐம்பத்திரண்டு விநாடி

எல்லாப் பெயர்களையும் தேர்வு செய்யும் கட்டத்தை நாரே தொட்டதும், பட்டியல் முழுக்க மளமளவென்று டிக் குறிகள் விழுந்தன. இருநூற்றுப் பதினான்கு பேர். அப்பாவுக்கு இத்தனை பேரைத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

துக்க மண்டபத்து ஊழியர் எதிரே நின்றுகொண்டிருந்தார். அப்பாவின் கைப்பேசியிலிருந்தே செய்தி போனால்தான் யாரும் விட்டுப்போக மாட்டார்கள், எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அவர் பொறுமையாகச் சொல்லியிருந்தார். வாசகத்தையும் அவரே எழுதிக் கொடுத்திருந்தார். பியோன் க்வாங்சிக், வயது ஐம்பத்தாறு, இன்று அதிகாலை காலமானார். மருத்துவமனை அடித்தளத்துத் துக்க மண்டபம், மூன்றாம் எண் அறை. நாளை மறுநாள் காலை ஏழு மணிக்குப் புறப்பாடு.

திறக்கும் எண்ணை அம்மாதான் சொன்னாள். அப்பா ஓட்டிய விரைவுப் பேருந்தின் நம்பர். சொந்த ஊரான இக்சானிலிருந்து சியோலுக்கும், சியோலிலிருந்து இக்சானுக்கும் பத்தொன்பது வருடம் ஓட்டிய வண்டி. நேற்று இரவு கடைசி நடை முடித்துவிட்டு, பணிமனையின் ஓய்வறையில் காலணியைக் கழற்றி வைத்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

நாரே அனுப்பு என்பதை அழுத்தினாள். அடுத்த விநாடி அவள் கறுப்புத் துக்கப் பாவாடையின் பைக்குள் அவளுடைய கைப்பேசி துடித்தது. எடுத்துப் பார்த்தாள். திரையில் அப்பா என்று இருந்தது. அதற்குக் கீழே, பியோன் க்வாங்சிக், வயது ஐம்பத்தாறு.

பட்டியலில் மகள் என்றோ நாரே என்றோ பெயர் இருந்திருந்தால் விலக்கியிருப்பாள். அப்பா அவளைப் 'பல்கலைக்கழக மாணவி பியோன் நாரே' என்று பதிந்து வைத்திருந்தார். அவள் சியோலில் கல்லூரியில் சேர்ந்த நாளில் பதிந்திருப்பார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஊழியர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நிறையப் பேருக்கு இப்படி ஆகிறதுதான் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் அந்தச் செய்தியைத் திறக்கவில்லை. திறந்தால் அதற்கு மேலே இருப்பதும் திறந்துவிடும். அதற்கு மேலே அப்பா அனுப்பிய ஓர் ஒலிப்பதிவு நாற்பத்தொரு நாளாகக் கேட்கப்படாமல் கிடந்தது.

அந்தச் செயலியில் ஒரு வழக்கம். நாம் அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் '1' என்று இருக்கும். எதிர்முனையில் இருப்பவர் திறந்து பார்த்ததும் அது மறைந்துவிடும். நாற்பத்தொரு நாளும் அப்பாவின் திரையில் அந்த '1' அப்படியே நின்றிருக்கும். அதை அவர் எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பார்?

முதல் வருடம் முழுக்க அவள் அப்பாவுக்கு எழுதித் தள்ளியிருக்கிறாள். வகுப்பு முடிந்து அறைக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து கட்டைவிரல் வலிக்க வலிக்க எழுதுவாள். தத்துவ வகுப்பில் பேராசிரியர் கேட்ட கேள்வி, விடுதியில் அரசியல் பேசி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போன தோழி, ஊருக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பிரசங்கத்தைக் கேட்கும்போது தனக்குள் ஒன்றுமே அசையாதது, ஆனால் அதே இடத்தில் பியானோவில் கை வைத்ததும் எழுந்திருக்கவே மனம் வராதது, எல்லாவற்றையும். அவளுக்கு இதையெல்லாம் சொல்ல வேறு ஆள் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து அப்பாவிடமிருந்து பதில் வரும். எப்போதும் ஒரே பதில்தான்.

"சாப்பிட்டியா?"

படிக்கிறாரா, சும்மா தள்ளிவிட்டுக் கேட்கிறாரா என்று அவளுக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் எழுதினாள்.

ஜனவரியில் எல்லாம் கெட்டது. அதிபரைப் பதவியிலிருந்து இறக்கச் சொல்லி சியோலே சதுக்கத்தில் உட்கார்ந்திருந்த குளிர்காலம் அது. பாட்டுக் கச்சேரிக்கு வாங்கிய விளக்குக் குச்சியை எடுத்துக்கொண்டு நாரேவும் சனிக்கிழமை தவறாமல் போனாள். நடந்து போனால் கால்மணி நேரத் தூரத்தில், போலீஸ் வண்டிகளைத் தாண்டி, அதிபரைக் காப்பாற்றச் சொல்லி இன்னொரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு இக்சான் தேவாலயத்திலிருந்து ஒரு பேருந்து கிளம்பியது. அம்மா வண்டிக்குள் தேசியக் கொடியோடு நின்று எடுத்த படத்தைச் சபையின் செய்திக் குழுவில் போட்டாள். படத்தின் ஓரத்தில், ஓட்டுநர் இருக்கையில் அப்பா.

சதுக்கத்தில் நின்றபடியே நாரே அப்பாவுக்கு எழுதினாள். அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் ஆள் ஏற்றிக்கொண்டு வந்தது எனக்கு வெட்கமாக இருக்கிறது. கடவுளும் கொடியும் ஒன்று என்று சொல்லும் இடத்தில் இனி நான் பியானோ வாசிக்க மாட்டேன். எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது, அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

நாலு இருபதுக்குப் பதில் வந்தது. ஒலிப்பதிவு, ஐம்பத்திரண்டு விநாடி. அப்பா வாழ்நாளில் குரல் அனுப்பியவரே இல்லை. குரலில் அனுப்பியிருக்கிறார் என்றால் நன்றாகத் திட்டியிருக்கிறார் என்று அர்த்தம். கைப்பேசியைப் பைக்குள் தள்ளிவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்து பாடினாள்.

அப்புறம் திறக்க முடியவில்லை. திறந்தால் '1' மறையும், அவருக்குத் தெரிந்துவிடும், பதில் சொல்ல வேண்டும். ஒரு வாரம் போனதும் இன்னும் கஷ்டமாகிவிட்டது. மாதக் கடைசியில் வந்த சந்திரப் புத்தாண்டுக்குக்கூட வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி ஊருக்குப் போகவில்லை. எழுதும் பழக்கம் மட்டும் போகவில்லை. எழுதி எழுதி அனுப்பாமல் வைத்துக்கொண்டாள்.

துக்க அறையில் அன்று மாலைக்குள் சின்னதாக ஒரு சண்டை நடந்து முடிந்துவிட்டது. தம்பிக்கு ஊதுபத்தி ஏற்றி விழுந்து கும்பிடாமல் அனுப்புவதா என்று அத்தை பிடிவாதம் பிடித்தாள். இது கிறிஸ்தவ வீடு, பூ மட்டும் வைத்தால் போதும் என்றாள் அம்மா. கடைசியில் படத்துக்கு முன்னால் ஊதுபத்திக் கிண்ணமும் வெள்ளைச் செவ்வந்திக் குடுவையும் அக்கம்பக்கமாக வைக்கப்பட்டன. வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு கணம் தயங்கி, அம்மா முகத்தையும் அத்தை முகத்தையும் பார்த்துவிட்டு ஏதாவது ஒன்றைச் செய்தார்கள். சிலர் வம்பே வேண்டாமென்று இரண்டையும் செய்தார்கள். படத்துக்குள் அப்பா சீருடையில் சங்கடமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாரேவைப் பார்க்க யாரும் வரவில்லை. அவள் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லலாமென்று தன் பட்டியலை இரண்டு தரம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். இந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று தோன்றிய ஒரே பெயர் அப்பா.

மறுநாள் காலையில் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புறப்பாட்டு ஆராதனைக்குச் சபையிலிருந்து ஒரு கீபோர்டு கொண்டு வருகிறார்கள், வாசிக்கிற அக்காவுக்குக் காய்ச்சல், நீ வாசிக்கிறாயா என்றாள். நாரே தரையைப் பார்த்தபடி தலையசைத்து மறுத்தாள். நம்பாமல் வாசித்தால் அது நடிப்பு என்றாள்.

"நீ நம்ப வேணாம்டி. வாசிச்சாப் போதும்," என்றாள் அம்மா. "உங்கப்பா மட்டும் நம்பியா வந்தார்? வண்டியிலதானே உட்கார்ந்திருந்தார்."

அது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் வேனை ஓட்டிக்கொண்டு வருவார், எல்லாரையும் இறக்கிவிடுவார், உள்ளே வரமாட்டார். கண்ணாடியை இறக்கிவிட்டு வேனிலேயே உட்கார்ந்திருப்பார். பனி கொட்டும்போது எதற்குக் கண்ணாடியை இறக்குகிறார் என்று நாரே ஒரு நாளும் யோசித்ததில்லை. அவள் எழுந்து போய்ச் செருப்புகளை அடுக்கினாள்.

மதியம் பேருந்து ஓட்டுநர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். அதில் கிதே என்பவர் அப்பாவுக்குப் பல வருட சிநேகிதம், குட்டையான, சிவந்த முகத்துக்காரர். இரண்டு தரம் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்து, காரமான மாட்டிறைச்சி சூப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். நாரே சோஜு மதுவை ஊற்றப் போனபோது அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீதான் அந்த லெட்டர் பொண்ணா?"

அவளுக்குப் புரியவில்லை.

"நெடுஞ்சாலை நிறுத்தத்துல வண்டியை நிறுத்தினதும் உங்கப்பா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுவார். அவ்ளோதான், எங்க நூடுல்ஸ் ஆறிப்போச்சுன்னு அர்த்தம். நீ எழுதினதை முழுசா வாசிச்சுக் காட்டாம விடமாட்டார். உங்க பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டாரே, யாருமே கேக்காத இடத்துல வாசிச்சா அது பாட்டா, வெறும் சத்தமான்னு. ஒரு வாரம் அடிச்சுக்கிட்டோம்மா நாங்க. நான் பாட்டுதான்னேன். உங்கப்பா ஒத்துக்கவே இல்லை."

"அப்பா என்ன சொன்னார்?"

"கேக்கறதுக்கு ஒரு ஆளாவது இருக்கணும், வெளியில வண்டியிலயாவது உட்கார்ந்திருக்கணும்னார்."

மற்ற ஓட்டுநர்கள் லேசாகச் சிரித்தார்கள். நாரே சோஜு பாட்டிலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஏன் எனக்கு ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை என்று கேட்டாள்.

"நாங்களும் கேட்டோம். என்னத்தை எழுதறது, தப்பா எழுதிட்டா சிரிச்சுடுவாளேம்பார். சாப்பிட்டியான்னு கேட்டா தப்பே வராதும்பார்." கிதே கோப்பையை யாரோடும் மோதாமல், துக்க வீட்டு முறைப்படி தனியாகக் குடித்துக் கீழே வைத்தார். "கொஞ்ச நாளா லெட்டர் வரலை. என்னய்யான்னா, பொண்ணுக்குப் பரீட்சைன்னார். லீவுல என்ன பரீட்சைன்னு நான் கேட்டுக்கலை."

படத்துக்குப் பின்னால் வீட்டார் படுக்க ஒரு சிறிய அறை உண்டு. நாரே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அப்பாவின் கைப்பேசியை எடுத்துத் தன் பெயரைத் தேடித் திறந்தாள். அதன் பேட்டரியில் மூன்று சதவீதம்தான் மிச்சம் இருந்தது. ஒலிப்பதிவுக்குப் பக்கத்தில் '1'. அதற்குக் கீழே நேற்றைய சாவுச் செய்தி, அதன் பக்கத்திலும் '1'. அதைத் தரையில் வைத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்துத் திறந்தாள். தரையில் இருந்த திரையில் இரண்டு '1'களும் மறைந்தன. சிறிது நேரத்தில் அந்தத் திரையே அணைந்துபோனது.

ஒலிப்பதிவைக் காதோடு வைத்துக்கொண்டாள்.

முதலில் காற்று. அதற்குப் பின்னால் ஒரு பெரும் கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டு அவளுக்குத் தெரியும். கைப்பேசியைப் பைக்குள் தள்ளிவிட்டு அவள் பாடிய அதே பாட்டு.

"நாரே. அப்பா பேசறேன்." மூச்சு வாங்கினார். "வண்டியை அந்தப் பக்கம் போட்டுட்டு நடந்து வந்தேன். நீ எழுதினதைப் படிச்சேன். இங்க பார்த்தா எல்லாம் உன் வயசுப் பிள்ளைங்க, எல்லார் கையிலயும் விளக்கு. இதுல உன்னை எங்கன்னு தேடறது? பாட்டு நல்லாத்தான் இருக்கு. வேகம்தான் கொஞ்சம் ஜாஸ்தி." யாரோ இடித்திருக்க வேண்டும், மன்னிச்சுக்கங்க என்று அவர் சொல்வது கேட்டது. "பெரிய திரைக்குக் கீழ நிக்கறேன். அஞ்சு மணிக்கு வண்டியை எடுக்கணும். அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன். முடிஞ்சா வா." கொஞ்ச நேரம் பாட்டு மட்டும் கேட்டது. பிறகு, "சாப்பிட்டியா?"

அன்றைக்கு அவள் நின்றது பெரிய திரைக்கு இடது பக்கம், இலவசமாகத் தேநீர் கொடுத்த கூடாரத்தை ஒட்டி. நாற்பது அடி இருக்கலாம். நாலு இருபதிலிருந்து ஐந்து மணி வரை நாற்பது நிமிடம்.

இன்னொரு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை.

வெளியே வந்தபோது ஓட்டுநர்கள் போய்விட்டிருந்தார்கள். அம்மா காலியான மேசைகளின் மேல் விரித்திருந்த பிளாஸ்டிக் தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நாரே ஒரு மூலையில் உட்கார்ந்து, ஆறிப்போன சூப்பை இழுத்து வைத்து, சோற்றை அதில் கொட்டிச் சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டு நாளில் முதல் சாப்பாடு. அம்மா பார்த்துவிட்டு வந்து முள்ளங்கி கிம்ச்சி ஊறுகாய்த் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அன்னிக்கு சியோல்ல, நீங்கள்லாம் கூட்டத்துல இருந்தப்போ அப்பா வண்டியிலேயேதான் இருந்தாரா?"

"எங்க இருந்தார்? எங்கயோ போயிட்டு அஞ்சு மணிக்கு ஓடி வந்தார். காதெல்லாம் சிவந்து, கால் மரத்துப் போயிருந்துச்சு. கேட்டா, கழிவறையில வரிசைன்னார்." அம்மா தாளை மடித்தாள். "ஏன்டி?"

"ஒண்ணுமில்லை." நாரே கடைசிக் கரண்டியை வாயில் வைத்தாள். "காலையில நான் வாசிக்கறேன்மா."

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். ஆட்டியவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

நாரே கையைத் துடைத்துக்கொண்டு தன் கைப்பேசியை எடுத்தாள். எழுதிவைத்து அனுப்பாத நாற்பத்தொரு நாள் கடிதங்களும் அதில் இருந்தன. அவற்றை விட்டுவிட்டாள். ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்.

"சாப்பிட்டேன்."

அனுப்பியதும் அதன் பக்கத்தில் மஞ்சளாக '1' என்று விழுந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வாசலில் யாரோ காலணியைக் கழற்றும் சத்தம் கேட்டது. அத்தை உள்ளேயிருந்து, ஆள் வந்திருக்கு, படத்துப் பக்கத்துல வந்து நில்லு என்று கூப்பிட்டாள்.